பத்தாயிரம் டாலருக்கு முன்னால் ஒரு பரண்

மாசசூசெட்ஸில் நம்மவர்கள் நாலு பேர் கூடினால் பள்ளிக்கூடம், வீட்டுக் கடன் வட்டி என்று சுற்றிவிட்டுப் பேச்சு இப்போதெல்லாம் ஹீட் பம்ப்பில் வந்து நிற்கிறது. "கரண்ட் கம்பெனிக்காரனே பத்தாயிரம் டாலர் தர்றானாமே, நெசமாண்ணா?" என்று புதிதாக வீடு வாங்கிய ஒரு தம்பி கேட்டார். நெசம்தான் தம்பி. ஆனால் யாருக்கு, எதற்கு, எப்போது என்று போனால் ஒரு டீ பத்தாது. இன்னொன்று போடச் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

முதலில் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். உங்கள் மின் கட்டண ரசீதிலும் கேஸ் ரசீதிலும் எரிசக்திச் சிக்கனத்துக்கென்று ஒரு கட்டணம் சேர்ந்திருக்கும். மாதாமாதம் எல்லோரிடமும் அப்படி வாங்கும் காசைத்தான் 'மாஸ் சேவ்' என்ற பெயரில் திருப்பித் தருகிறார்கள். எவர்சோர்ஸ், நேஷனல் கிரிட், யூனிட்டில் போன்ற கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் திட்டம் இது. யாரும் தருமத்துக்குத் தரவில்லை. நீங்கள் கட்டிய காசுதான், கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அதே காரணத்தால் இந்தத் தொகை நிலையானதும் இல்லை. பில் ஏறுகிறது என்று ஜனங்கள் கொதித்ததும், 2025 தொடக்கத்தில் மாநில ஒழுங்குமுறைத் துறை மூன்றாண்டுத் திட்டத்திலிருந்து 50 கோடி டாலரை வெட்டியது.

இன்னொன்று. நீங்கள் இருக்கும் ஊர் எது? ஷ்ரூஸ்பரி, பெல்மான்ட், கான்கார்ட் போன்ற ஊர்களில் மின்சாரம் ஊராட்சியுடையது. அங்கே மின்சாரத்துக்கான மாஸ் சேவ் கிடையாது; அந்தந்த ஊர் மின் நிலையம் தனக்கென்று ஒரு திட்டம் வைத்திருக்கும், தொகையும் வேறாக இருக்கும். பக்கத்து ஊர் நண்பர் வாங்கியதை வைத்துக் கணக்குப் போட்டு ஏமாந்தவர்கள் உண்டு.

இயந்திரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம்மூர் ஸ்பிளிட் ஏசியேதான், இரண்டு பக்கமும் ஓடும். கோடையில் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளும்; குளிர்காலத்தில் வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உறிஞ்சி உள்ளே தள்ளும். மைனஸ் 15 டிகிரியில் காற்றில் ஏது சூடு என்று கேட்பார்கள். இருக்கிறது. குளிர் பிரதேசத்துக்கென்று எனர்ஜி ஸ்டார் முத்திரை வாங்கும் மாடல்கள் அந்தக் குளிரிலும் ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் குறைந்தது 1.75 யூனிட் சூடு தந்தாக வேண்டும். மிதமான நாளில் மூன்று, மூன்றரைகூடக் கிடைக்கும்.

இனி தொகைக்கு வருவோம். 2025-ல் வீடு முழுவதையும் ஹீட் பம்ப்புக்கு மாற்றினால் டன்னுக்கு 3,000 டாலர், அதிகபட்சம் 10,000. 2026-ல் அதைக் குறைத்தார்கள். வருமானம் ஒரு வரம்புக்குக் கீழே இருப்பவர்களுக்கு இதைவிடக் கூடுதல். வீடு முழுவதும் என்றால், குளிர்காலம் பூராவும் ஹீட் பம்ப் மட்டுமே வீட்டைச் சூடாக்க வேண்டும். பழைய ஆயில் பாய்லரை ஓரமாக வைத்துக்கொண்டு ஜனவரியில் நைசாகப் போட்டுக்கொள்ளலாம் என்ற கணக்கு செல்லாது; அப்படி வேண்டுமென்றால் பகுதி மாற்றத்துக்கான குறைந்த தொகைதான்.

தொகை டன் கணக்கில் வருவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெரிய இயந்திரம் போட்டால் தள்ளுபடியும் பெரிது. கான்ட்ராக்டரும் "எதுக்கும் ஒரு டன் கூடவே போட்டுடலாம் சார்" என்பார். போடாதீர்கள். தேவைக்கு மிஞ்சிய இயந்திரம் அடிக்கடி நின்று நின்று ஓடி மின்சாரத்தைத் தின்னும். அறை அறையாக ஜன்னலும் சுவரும் அளந்து வெப்பத் தேவையைக் கணக்கிட்ட தாளைக் கேளுங்கள். அதற்கு 'மேனுவல் ஜே' என்று பெயர். அந்தத் தாள் இல்லாமல் வரும் கொட்டேஷனை நான் கையில்கூட வாங்க மாட்டேன்.

இப்போதுதான் உண்மையான சரக்கு வருகிறது. ஹீட் பம்ப்புக்கு முன்னால் வீட்டின் ஓட்டைகளை அடைக்க வேண்டும். முழுத் தொகைக்கு அது நிபந்தனையும்கூட. இலவசமாக ஒருவர் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போவார். காற்று அடைப்பு வேலைக்கு வருகிறவர்கள் வாசல் நிலையில் ஒரு துணித்திரையை இறுக்கிக் கட்டி, அதில் பெரிய விசிறியைப் பொருத்தி வீட்டுக் காற்றை வெளியே இழுப்பார்கள். அப்போது பிளக் பாயின்ட் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள், ஊசி மாதிரி குளிர் காற்று அடிக்கும். பரணுக்கு ஏறும் மூடியின் ஓரம், பேஸ்மென்ட் உத்தரம் சுவரில் உட்காரும் இடம், புகைபோக்கியைச் சுற்றி என்று எல்லா இடத்திலிருந்தும் வரும். அந்த இடுக்குகளை அடைப்பது இலவசம். பரணிலும் சுவருக்குள்ளும் இன்சுலேஷன் போட, செலவில் 75 சதவீதம் அல்லது அதற்கும் மேல் அவர்களே ஏற்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்தத் திட்டத்தில் ஆகச் சிறந்த பேரம் இதுதான், பத்தாயிரம் இல்லை. இதைச் செய்துவிட்டு வெப்பத் தேவையைக் கணக்கிட்டால் நாலு டன் கேட்ட வீடு மூன்றில் அடங்கினாலும் அடங்கும்.

வுஸ்டர் பக்கம் இருக்கும் நூறு வருட வீடாக இருந்தால் பரணில் வெள்ளைப் பீங்கான் குமிழ்களில் ஓடும் பழைய வயரிங் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். அதன் மேல் இன்சுலேஷன் கொட்ட முடியாது, எலக்ட்ரீஷியன் வந்து தீர்த்துக் கொடுக்க வேண்டும். பல பேருடைய வேலை மாதக்கணக்கில் நிற்பது இங்கேதான்.

சரி, மாதச் செலவு குறையுமா? பேனாவை எடுங்கள். ஒரு காலன் ஆயிலில் சுமார் 40 யூனிட் வெப்பம். பாய்லர் 85 சதவீதம் தேறினால் வீட்டுக்குக் கிடைப்பது 34. அதே 34-ஐ, சீசன் சராசரியாக 2.8 மடங்கு தரும் ஹீட் பம்ப் 12 யூனிட் மின்சாரத்தில் தந்துவிடும். எல்லாம் சேர்த்து யூனிட் 30 சென்ட் என்றால் 3 டாலர் 60 சென்ட். ஆயில் காலன் இதற்கு மேல் விற்றால் லாபம், கீழே விற்றால் இல்லை. கேஸுக்கு வாருங்கள். ஒரு தெர்ம் 29 யூனிட் வெப்பம். 95 சதவீத ஃபர்னஸில் 28 தேறும். ஹீட் பம்ப்புக்கு அது 10 யூனிட் மின்சாரம், அதாவது 3 டாலர். உங்கள் ரசீதில் கேஸ் விலையும் விநியோகக் கட்டணமும் சேர்த்துத் தெர்மால் வகுத்துப் பாருங்கள். 3 டாலருக்குக் கீழே வந்தால் தள்ளுபடி எவ்வளவு வந்தாலும் மாதாமாதம் கொஞ்சம் கூடத்தான் கட்டுவீர்கள். மின்சார பேஸ்போர்டு ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்த யோசனையே வேண்டாம். 30 சென்ட் சூடு அவர்களுக்கு 11 சென்டுக்கு வரும், நாளைக்கே மாற்றலாம். எவர்சோர்ஸ், நேஷனல் கிரிட், யூனிட்டில் மூன்றும் ஹீட் பம்ப் வீடுகளுக்குக் குளிர்காலத்தில் விநியோகக் கட்டணத்தைக் குறைத்து வாங்குகின்றன. அந்தக் கட்டணத்தில் உங்கள் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று ரசீதில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தள்ளுபடி வேலை முடிந்த பிறகுதான் வரும். அதுவரை கான்ட்ராக்டருக்கு முழுப் பணமும் நீங்கள் கொடுத்தாக வேண்டும். அதற்கு வட்டியில்லாக் கடன் இருக்கிறது: 25,000 டாலர் வரை, 7 வருடத்தில் அடைக்கலாம். கான்ட்ராக்டர் மாஸ் சேவ் பட்டியலில் இருக்க வேண்டும். வெளியே வைக்கும் யூனிட்டும் உள்ளே மாட்டுவதும் ஜோடியாகத் தகுதிப் பட்டியலில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் மாடல் எண்களை நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். மத்திய அரசு தந்த 2,000 டாலர் வரையிலான வரிச் சலுகையை இனி மறந்துவிடலாம். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் அந்த ஆண்டு டிசம்பர் 31-உடன் அதை முடித்துவிட்டது. பழைய கொட்டேஷனில் அது கழித்துக் காட்டப்பட்டிருந்தால் திரும்பக் கூட்டுங்கள்.

மாட்டியாகிவிட்டது என்றால் நம் வீடுகளுக்கு மட்டும் ஒரு குறிப்பு. சமையலறைப் பக்கம் சுவர் யூனிட் இருந்தால் தாளிப்பு எண்ணெய் வலையில் படிந்து பிசுபிசுக்கும். அதை அடிக்கடி கழுவாவிட்டால் 2.8 என்று போட்ட கணக்கு உதைக்கும்.

தம்பி வீட்டில் கேஸ் ஃபர்னஸ் போட்டு மூன்று வருடம்தான் ஆகிறது. ஆனால் சென்ட்ரல் ஏசி கிழடு, அடுத்த கோடை தாங்காது. "அப்ப என்னண்ணா பண்றது?" என்றார். பரண் வேலையை இந்த இலையுதிர் காலத்திலேயே முடி. ஏசி படுத்ததும் அதற்குப் பதிலாக ஹீட் பம்ப்பாகவே வாங்கு, ஏசிக்கு எப்படியும் காசு போகத்தான் போகிறது. மிதமான குளிருக்கு அதை ஓட்டு, கடுங்குளிருக்கு கேஸ் இருக்கட்டும், பகுதித் தொகை எவ்வளவு வருகிறதோ வாங்கிக்கொள் என்றேன். பத்தாயிரம் கிடைக்காதே என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.