நியாயமான சந்தேகம் என்றால் என்ன?

வழக்கிலிருந்து ஒருவர் விடுதலையானால், லாபிஸ் ஒட்டுக்கடைகளில் ஒரு பேச்சு எழும். "செஞ்சது அவன்தான், நிரூபிக்க முடியல, தப்பிச்சிட்டான்." அதன் பிறகு அவருக்கு வேலை கொடுக்கவும் பெண் கொடுக்கவும் ஆயிரம் யோசனை. நீதிமன்றம் விட்டாலும் ஊர் விடாது.

தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசியப் பள்ளிக்குப் போன நான், சட்டத்தைப் படிப்பது மலாயிலும் ஆங்கிலத்திலும்தான். குற்றவியல் வழக்கின் அளவுகோலை மலாயில் 'மெலம்பாவி கெராகுவான் முனாசாபா' என்பார்கள். நியாயமான சந்தேகத்திற்கு அப்பால் நிரூபிக்க வேண்டும் என்பது பொருள். தமிழில் நாம் இதைச் 'சந்தேகத்திற்கு இடமின்றி' என்று சுருக்கிவிடுகிறோம். உயிர்ச்சொல்லே 'முனாசாபா'தான், அதை விட்டால் அளவுகோல் மாறிவிடும். சந்தேகமே கூடாது என்றால் உலகில் யாரையும் தண்டிக்க முடியாதே!

இங்கிலாந்து நீதிபதி டென்னிங் 1947-இல் இதை விளக்கினார். (அது கொலை வழக்கு அல்ல, ஓய்வூதிய வழக்கு என்பது வேடிக்கை.) சந்தேகத்தின் நிழல்கூட இருக்கக் கூடாது என்று சட்டம் கேட்கவில்லை, வெறும் கற்பனைச் சாத்தியங்களைக் காட்டித் தப்ப விட்டால் சமுதாயத்தைக் காக்க முடியாது என்றார்.

நம் நாட்டிலும் ஒரு காலத்தில் கொலை வழக்குகளில் ஏழு ஜூரிகள் அமர்ந்தார்கள். சட்டம் படிக்காத அவர்களுக்கு நீதிபதி இதை எளிய சொற்களில் விளக்க வேண்டும். சிங்கப்பூர் மலேசியாவோடு இருந்த 1965-இல் அங்கே நடந்த சன்னி ஆங் வழக்கைப் பாருங்கள். காதலியைக் கடலில் முக்குளிக்க அழைத்துச் சென்றார். அவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. ஆனால் முதல் நாள் காலாவதியான காப்புறுதியை அன்றுதான் ஐந்து நாளுக்கு நீட்டித்திருந்தார். பிறகு கண்டெடுத்த நீச்சல் துடுப்பின் பட்டை அறுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சமாதானம் சொல்லலாம். எல்லாம் சேர்ந்து உங்களை எங்கே கொண்டு செல்கின்றன என்பதே நீதிபதி பட்ரோஸ் ஜூரிகளிடம் வைத்த கேள்வி. ஏழு பேரும் ஒருமனதாகக் குற்றவாளி என்றார்கள்.

மலேசியாவில் ஜூரி முறை 1995-இல் ஒழிந்தது. அதற்குமுன் தொடங்கிய மோனா ஃபெண்டி வழக்கு, ஜூரி தீர்ப்பளித்த கடைசி வழக்குகளில் ஒன்று. இப்போது நீதிபதி தமக்குத் தாமே அதே விளக்கத்தைச் சொல்லிக்கொள்ள வேண்டும். அதற்கு இன்றும் கைகொடுப்பது, பின்னாளில் தலைமை நீதிபதியான சுஃபியான் 1963-இல் 'மாட்' என்ற வழக்கில் வகுத்த படிகள். குற்றம் சாட்டப்பட்டவர் சொல்வதை நம்பினால் விடுதலை. நம்பாவிட்டால்? உடனே தண்டனை இல்லை! நம்பாத அந்தக் கதைகூட நியாயமான சந்தேகத்தை எழுப்புகிறதா என்று பார்க்க வேண்டும். எழுப்பினால் விடுதலைதான். எழுப்பாவிட்டால் மட்டுமே, மற்றச் சாட்சியங்களையும் சேர்த்துப் பார்த்துத் தண்டனை. என் பார்வையில் நம் ஊர்ப் பேச்சு சறுக்குவது இந்தப் படியில்தான்.

ஒரு கற்பனை உதாரணம். திருட்டு மோட்டார் சைக்கிளோடு பிடிபட்ட இளைஞர், "பெக்கோக்கில் இருக்கும் நண்பன் இரவல் கொடுத்தான்" என்கிறார். பெயரும் வீடும் சொல்கிறார். நீதிபதிக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் அந்த நண்பனை யாருமே விசாரிக்கவில்லை. பெக்கோக் போய்க் கதவைத் தட்ட வேண்டியது போலீசாரின் வேலை, இளைஞரின் வேலை அன்று.