ரவிவர்மாவுக்கு சினிமா கொடுத்த காதலி

ராஜா ரவிவர்மாவை நாயகனாக்கி இரண்டு முக்கியமான படங்கள் வந்திருக்கின்றன. கேத்தன் மேத்தாவின் ‘ரங் ரசியா’ 2008இல் லண்டன் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. இந்தியத் திரையரங்குகளுக்கு வர 2014 ஆகிவிட்டது. லெனின் ராஜேந்திரனின் மலையாளப் படம் ‘மகரமஞ்ஞு’ 2011இல் வெளியானது. ஒளிப்பதிவாளர் சந்தோஷ் சிவன் அதில் ஓவியராக நடித்தார். மொழியும் பாணியும் வேறானாலும், இரண்டும் அந்த மனிதரை விளக்கப் பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான்: ஓவியத்துக்கென அவர்முன் இருந்த பெண்மீதான மோகம். ‘ரங் ரசியா’வுக்கு மூலமான ரஞ்சித் தேசாயின் மராத்தி நாவல் போட்ட தடம் அது. வன்னியில் கடைச் சுவரிலும் சாமியறையிலும் தொங்கும் கலண்டர் லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் முகச்சாயல் தந்ததில் ரவிவர்மாவின் பங்கு பெரியது. அவர் படங்களின் வழிவந்த உருவங்களைத் தினமும் கும்பிடுகிறவர்களில் பலருக்கு அவருடைய வாழ்க்கை தெரியவருவதே திரைப்படம் வழியாகத்தான் என்பதால், அந்தத் திரைப்படம் எதைச் சொல்கிறது, எதை விடுகிறது என்று பார்க்கவேண்டியிருக்கிறது.

கற்பனையே கூடாது என்பதல்ல என் வாதம். கற்சிலைமடுவில் நாட்டப்பட்ட நினைவுக்கல், 1803 ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிரிபேர்க் வன்னித் தலைவன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்ற அளவோடு நின்றுவிடுகிறது. வென்றவன் எழுதிய அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு வன்னி மக்கள் என்ன செய்வது? வாய்மொழிக் கதையும், முல்லைமணியின் நாடகமும், கருணாநிதியின் நாவலும் வந்துதான் அவனுக்கு உறவும் பகையும் குரலும் கிடைத்தன. ஒல்லாந்து ஓவியர் வெர்மீரின் நிலைமையும் அப்படித்தான். கடிதமோ நாட்குறிப்போ அவர் விட்டுப்போகவில்லை. முத்துத்தோடு அணிந்த அவருடைய பெண் யாரென்று எவருக்கும் தெரியாது. அதனால் 1999இல் டிரேசி செவாலியர் தன் நாவலில் கிரீத் என்ற வேலைக்காரப் பெண்ணைப் படைத்தபோது எந்தச் சான்றையும் இடித்துத் தள்ளவேண்டி இருக்கவில்லை. வெற்றிடத்தில் கட்டினார், அவ்வளவுதான்.

ரவிவர்மாவின் கதையில் அந்த வெற்றிடம் இல்லை. 1848இல் கிளிமானூரில் பிறந்த அவர் எண்ணெய் வண்ணத்தைக் கற்ற விதமே ஒரு நாவலுக்குப் போதும். அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் சொல்லிக்கொடுக்க மறுக்க, அவருடைய மாணவர் ஆறுமுகம்பிள்ளை இரவில் ஒளித்துக் கற்றுக்கொடுத்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1868இல் திருவிதாங்கூர் வந்த தியடோர் ஜென்சன் என்ற வெள்ளைக்காரரும் மனமுவந்து கற்பிக்கவில்லை. பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் விட்டார். பிறகு, படங்களை அச்சிட்டு எல்லோருக்கும் கிடைக்கச் செய்யலாமே என்ற திவான் மாதவராவின் யோசனை, 1894இல் பம்பாயில் அச்சுக்கூடமாயிற்று. கோயிலுக்குள் நுழைய அனுமதியில்லாத சாதியார் வீட்டுக்கும் தெய்வம் காகிதத்தில் வந்து சேர்ந்தது அதனால்தான். அச்சுக்கூடமோ கடனில் மூழ்கியது. பம்பாயில் கொள்ளைநோய் பரவியதும் லோனாவ்லாவுக்குப் பக்கத்து மாளவ்லிக்கு இடம்மாறி, கடைசியில் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜேர்மன்காரருக்கு விற்கப்பட்டது. இவ்வளவுக்கும் பக்கத்தில் இருந்தவர் தம்பி ராஜராஜவர்மா. அவரும் ஓவியர், அண்ணனோடு சமஸ்தானம் சமஸ்தானமாக அலைந்தவர், பல படங்களில் கூடவே தூரிகை பிடித்தவர். அவர் எழுதிவைத்த நாட்குறிப்பு அச்சிலேயே கிடைக்கிறது.

‘ரங் ரசியா’வுக்கு ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக்கூடாது. இந்துத் தெய்வங்களை நிர்வாணமாக வரைந்தார் என்று வழக்குகளும் மிரட்டலும் சூழ எம். எஃப். ஹுசைன் 2006இல் இந்தியாவை விட்டுப் போனார். அந்தச் சூட்டில்தான் இந்தப் படம் உருவானது. நீதிமன்றக் கூண்டில் ரவிவர்மாவை ஏற்றி அது பேசியது தன் காலத்தோடு. அது துணிச்சலான காரியம். ஆனால் அந்த வழக்குக்குக் காதல்கதை தேவைப்படவில்லை. படத்தில் அவருக்கு மாதிரியாக இருக்கும் காதலி சுகந்தாவின் துயரம் வளர வளர, கலைக்கு என்ன சுதந்திரம் என்ற கேள்வி, ஒரு பெண்ணை ஓவியர் கைவிட்டாரா என்ற கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது. காதல் இல்லாவிட்டால் யார் காசு கொடுத்துப் படம் பார்ப்பார்கள் என்று தயாரிப்பாளர்கள் கேட்பார்கள். வான்கோவை அவர்கள் பார்க்கட்டும். இர்விங் ஸ்டோன் 1934இல் எழுதிய நாவலும், அதை வைத்து 1956இல் கேர்க் டக்ளஸ் நடித்த படமும் வான்கோ தம்பி தியோவுக்கு எழுதிய கடிதங்களை நம்பி நின்றன. அவற்றில் மனதைப் பிசைவது அண்ணன் தம்பி பாசம்தான். 2017இல் வந்த ‘லவிங் வின்சென்ட்’, தபாற்காரரின் மகன் ஒருவன் ஓவியரின் சாவைப் பற்றி விசாரித்துத் திரிகிற கதை. நூறுக்கு மேற்பட்ட ஓவியர்கள் கையால் தீட்டிய சுமார் 65,000 சட்டகங்கள். கூட்டம் வரத்தான் செய்தது.

மாதிரிப்பெண் என்ற பாத்திரம் எளிதில் விலைபோகக் காரணம், மேதைமை எங்கிருந்தோ திடீரென இறங்குகிறது என்று நம்ப நமக்கு இருக்கும் ஆசை என்று நினைக்கிறேன். ஒளித்துக் கற்றதையும் கடன்பத்திரத்தையும் கல்லச்சையும் திரையில் காட்டுவது கடினம், முத்தத்தைக் காட்டுவது சுலபம். இத்தனைக்கும் அந்த அச்சுக்கூடம் சினிமாவுக்கு அந்நியமான இடமல்ல. மாளவ்லியில் அச்சுத் தொழில் பழகியவர்களில் ஒருவர் தாதாசாகேப் பால்கே. ரவிவர்மா 1906இல் இறந்தார். ஏழு ஆண்டுகள் கழித்து பால்கே ‘ராஜா ஹரிச்சந்திரா’வைத் திரையிட்டார்.