பாய்மரப் படகில் நாயுடன் தீவுப் பயணம்

பாய்மரப் படகில் நாயுடன் தீவுப் பயணம் என்பது நண்பர்கள் சிலர் ஒரு சிறு குழுவாகச் சேர்ந்து, தம் வளர்ப்பு நாய்களையும் உடன் ஏற்றிக்கொண்டு, வெப்பமண்டலக் கடல்களில் உள்ள தீவுகளைப் பாய்மரப் படகில் சுற்றிவரும் நீண்ட பயணமாகும். பகலில் படகை ஓட்டி, மாலையில் ஒரு தீவின் ஒதுக்கிடத்தில் நங்கூரமிட்டு, சிறு துடுப்புப் படகில் கரைக்குச் சென்று வருவது இப்பயணத்தின் பொதுவான முறையாகும். நாயைப் பழக்கினால் அது படகில் வாழக் கற்றுக்கொள்ளும். ஆனால் அது கரையில் கால் வைப்பது பல தீவுகளில் கட்டுப்படுத்தப்பட்டோ முற்றிலும் தடை செய்யப்பட்டோ உள்ளது. எனவே இப்பயணத்தின் கடினமான பகுதி கடல் அன்று, கரையே எனலாம்.

வரலாறு

மனிதர் நாய்களைப் படகில் ஏற்றிச் செல்வது மிகப் பழைய வழக்கமாகும். ஆஸ்திரேலியாவின் டிங்கோ நாய் 3,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்துக்கு முன் மனிதருடன் கடல்வழியே அக்கண்டத்தை அடைந்தது எனக் கருதப்படுகின்றது. பொலினீசியர் தம் இரட்டை உடல் கொண்ட பாய்மர ஓடங்களில் நாய், பன்றி, கோழி ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு பசிபிக் தீவுகளில் குடியேறினர். அவை எல்லாத் தீவுகளையும் எட்டவில்லை. ஈஸ்டர் தீவில் கோழி இருந்தது, நாய் இருக்கவில்லை. நியூசிலாந்துக்கு மாவோரிகள் கொண்டுசென்ற குரி என்னும் நாய் 19ஆம் நூற்றாண்டில் அற்றுப்போனது.

ஐரோப்பியரின் ஆய்வுப் பயணங்களிலும் நாய்கள் இடம்பெற்றன. ஜேம்ஸ் குக் 1768 முதல் 1771 வரை எண்டெவர் கப்பலில் மேற்கொண்ட பயணத்தில், இயற்கை அறிஞர் ஜோசப் பாங்க்ஸ் தம் கிரேஹவுண்டு நாய்களை உடன் கொண்டுசென்றார். 1770இல் ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையில் கப்பல் பழுதுபார்க்கப்பட்டபோது அந்நாய் கங்காருவைத் துரத்திப் பிடித்தது. பல வாரங்கள் கப்பலில் அடைந்திருந்த வேட்டை நாயும் கரையைக் கண்டதும் தன் இயல்புக்குத் திரும்பும் என்பதற்கு இது ஒரு பழைய சான்றாகும்.

தமிழர் வாழும் கரைகளில் பாய்மரக் கலங்கள் பெரும்பாலும் வணிகத்துக்கும் மீன்பிடிப்புக்குமே பயன்பட்டன. தூத்துக்குடித் தோணிகள் கொழும்புக்கும் மாலைதீவுக்கும் சரக்கு ஏற்றிச் சென்றன. வணிகக் கலம் ஒன்று தீவுலாப் பயணியின் கைக்கு மாறிய நிகழ்வும் உண்டு. 1928 முதல் 1931 வரை சுவாப் என்ற சிறு பாய்மரப் படகில் தீவுகள் வழியாக உலகைச் சுற்றிய அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன், பின்னர் யாழ்ப்பாணத்தின் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்மரக் கப்பலை விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை ஓட்டிச் சென்று 1938இல் அமெரிக்காவின் குளொசெஸ்டர் துறைமுகத்தை அடைந்தனர்.

தீவுகள் நாய்களைத் தடுப்பதற்கான காரணங்கள்

வெறிநாய்க்கடி நோய்

வெறிநாய்க்கடி நோய் (ரேபிஸ்) தீநுண்மத்தால் ஏற்படுவது. அறிகுறிகள் தோன்றிய பின் இந்நோய் ஏறக்குறைய எப்போதும் மரணத்திலேயே முடிகின்றது. நோய்ப்பட்ட விலங்கு கடித்த நாளிலிருந்து அறிகுறி தோன்றும் வரை சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகலாம். ஆகவே படகில் ஏறும்போது நலமாகத் தோன்றும் நாய் நோயைச் சுமந்துகொண்டிருக்கக்கூடும். கடலால் சூழப்பட்ட தீவு இயற்கையாகவே இந்நோயிலிருந்து காக்கப்பட்டுள்ளது. அக்காப்பை உடைக்க ஒரு படகு போதும்.

இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் 1997 வரை இந்நோய் இருக்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில், நோய் பரவியிருந்த பூட்டோன் தீவிலிருந்து மூன்று நாய்கள் புளோரஸ் தீவின் கிழக்கு முனையில் உள்ள லாரன்டூகா பகுதிக்குக் கொண்டுவரப்பட்டன. நோய் தீவு முழுவதும் பரவியது. 1998ஆம் ஆண்டில் லாரன்டூகா பகுதி நாய்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு கொல்லப்பட்டும் நோய் அடங்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர் உயிரிழந்தனர்.

பாலித் தீவிலும் இதுவே நிகழ்ந்தது. 2008இல் அங்கு நோய் முதன்முறையாக உறுதிசெய்யப்பட்டது. நோயை உள்ளடக்கிய நாய் ஒன்று படகில் வந்திருக்க வேண்டும் எனக் கருதப்படுகின்றது. 2011க்குள் நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கு இறந்தனர். நாய்களைக் கொல்வது பயன் தராத நிலையில், தீவு முழுவதும் நாய்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கிய பின்னரே மரணங்கள் பெருமளவு குறைந்தன. ஒரு பகுதியின் நாய்களில் குறைந்தது 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால் பரவலைத் தடுக்கலாம் என்பது உலக சுகாதார அமைப்பின் அறிவுரையாகும். இந்நோய் 2023இல் மேற்குத் திமோரையும், 2024இல் கிழக்குத் திமோரையும் எட்டியது. ஆகவே தீவு நாடுகளின் கடுமையான விதிகளை வெறும் அலுவலகக் கெடுபிடியாகக் கருத இயலாது.

காட்டுயிர்கள்

நாய்கள் இல்லாத தீவுகளில் வாழும் விலங்குகளுக்கு நாயைக் கண்டு தப்பி ஓடும் பழக்கம் உருவாவதில்லை. தரையில் கூடு கட்டும் கடற்பறவைகளும், மணலில் முட்டையிடும் கடலாமைகளும் எளிதில் இரையாகின்றன. கலாபகோஸ் தீவுகளில் 1970களில் காட்டில் திரிந்த நாய்கள் தரை உடும்பு இனக் கூட்டங்களை அழிவின் விளிம்புக்குக் கொண்டுசென்றன. எஞ்சியவற்றைப் பிடித்துக் காப்பகத்தில் இனப்பெருக்கம் செய்ய வேண்டியதாயிற்று. அந்தமான் நிக்கோபார் கடற்கரைகளிலும் நாய்கள் ஆமை முட்டைகளைத் தோண்டித் தின்பது பதிவாகியுள்ளது.

இந்தியாவை அடுத்துள்ள தீவுகள்

மன்னார் வளைகுடாத் தீவுகள்: தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 சிறு தீவுகள் உள்ளன. இவை 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. வனத்துறையின் அனுமதியின்றி இத்தீவுகளில் இறங்கக் கூடாது. இங்குள்ள பவளத்திட்டுகள் மீது நங்கூரம் போடுவது அவற்றைச் சிதைக்கும்.

இலட்சத்தீவுகள்: இங்கு செல்ல நுழைவு அனுமதி தேவை. இத்தீவுகள் வெறிநாய்க்கடி நோய் அற்றவை. நாய்களைக் கொண்டுசெல்ல அனுமதி இல்லை.

மாலைதீவு: வளர்ப்பு நாய்களை நாட்டுக்குள் கொண்டுவருவது தடை செய்யப்பட்டுள்ளது. தூத்துக்குடியிலிருந்து கடல்வழித் தொடர்பு நெடுங்காலமாக இருந்தபோதிலும், நாயுடன் செல்வோர்க்கு இது ஏற்ற இடமன்று.

அந்தமான் நிக்கோபார் தீவுகள்: அந்தமான் பழங்குடியினரிடம் முற்காலத்தில் நாய்கள் இருக்கவில்லை. 1858இல் ஆங்கிலேயர் கைதிகள் குடியேற்றத்தை நிறுவிய பின்னரே நாய்கள் அவர்களை அடைந்தன. அவர்கள் விரைவில் அவற்றைக் காட்டுப்பன்றி வேட்டைக்குப் பழக்கினர். ஒரு கப்பலில் வந்த விலங்கு ஒரு மக்களின் வேட்டை முறையையே மாற்றியமைக்கு இது எடுத்துக்காட்டாகும். 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதியின்படி ஒதுக்கப்பட்ட பகுதிகளில் வெளியார் நுழைவது குற்றமாகும். வடக்கு சென்டினல் தீவை அணுகவும் கூடாது. போர்ட் பிளேர் என வழங்கிய தலைநகருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது. பாய்மரப் படகுகளுக்கு ஏற்ற காலம் பொதுவாக டிசம்பர் முதல் ஏப்ரல் வரையாகும். புயல்கள் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும், ஏப்ரல் பிற்பகுதியிலும் மே மாதத்திலும் உருவாகின்றன.

தொலைவில் உள்ள நாடுகளில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் மிகக் கடுமையான விதிகளைக் கொண்டவை. அங்கு வரும் படகில் உள்ள நாய், முன் அனுமதி பெறாதவரை, படகை விட்டு இறங்காமல் அடைத்து வைக்கப்பட வேண்டும். அவாய்த் தீவுகள் 1912 முதல் விலங்குகளுக்குத் தொற்றொதுக்க முறையைக் கடைப்பிடிக்கின்றன.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

நாட்டுக்கு நாடு விதிகள் வேறுபட்டாலும் பின்வருவன பொதுவானவை:

1. ஐ.எஸ்.ஓ. 11784, 11785 தரங்களுக்கு ஏற்ற 15 இலக்க மைக்ரோசிப்பை நாயின் தோலுக்கடியில் பொருத்துதல். பல நாடுகள் இது தடுப்பூசிக்கு முன்பே பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்கின்றன.
2. வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடுதல்.
3. தடுப்பூசி பலித்ததா என அறிய இரத்தப் பரிசோதனை செய்தல். ஒரு மில்லிலிட்டர் இரத்த நீரில் 0.5 சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் எதிர்ப்பொருள் இருக்க வேண்டும்.
4. செல்லும் நாட்டின் இறக்குமதி அனுமதியும், புறப்படும் நாட்டின் கால்நடை மருத்துவச் சான்றிதழும் பெறுதல்.
5. திரும்பி வருவதற்கான விதிகளையும் முன்னரே அறிதல்.

பரிசோதனைக்குப் பின் சில நாடுகள் பல மாதக் காத்திருப்பை வேண்டுகின்றன. ஆகவே பயணப் பாதையை வரைபடத்தைக் கொண்டு மட்டுமன்றி, நாயின் தடுப்பூசிப் பதிவேட்டைக் கொண்டும் வகுக்க வேண்டியுள்ளது. பிரித்தானியா 2000ஆம் ஆண்டில் ஆறு மாதத் தொற்றொதுக்கத்துக்கு மாற்றாகத் தடுப்பூசி, இரத்தப் பரிசோதனை முறையைக் கொண்டுவந்தது. அதன்பின் உரிய ஆவணங்கள் கொண்ட நாய்களின் பயணம் எளிதாயிற்று.

படகில் நாயின் பராமரிப்பு

நீர்: ஒரு நாய்க்கு நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 50 முதல் 60 மில்லிலிட்டர் நன்னீர் தேவை. வெப்பத்தில் இது இரு மடங்காகலாம். சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் ஏறத்தாழ 1,370 கி.மீ. தொலைவில் உள்ளது. மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் செல்லும் படகுக்கு ஆறு அல்லது ஏழு நாட்கள் ஆகும். 25 கிலோ எடையுள்ள நாய்க்கு இப்பயணத்தில் குறைந்தது 10.5 லிட்டரும், வெப்பத்தையும் தாமதத்தையும் கருதினால் 21 லிட்டருக்கு மேலும் தனியே எடுத்துவைக்க வேண்டும். கடல்நீரைக் குடித்தால் நாய்க்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்படும். மிகுதியாகக் குடித்தால் உயிருக்கே ஆபத்தாகும்.

வெப்பம்: நாயின் இயல்பான உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38 முதல் 39 பாகை செல்சியசு வரையாகும். நாய் மூச்சிரைத்தே தன் உடலைக் குளிர்விக்கின்றது. காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் இது சரிவரப் பயன்படாது. வெப்பநிலை 41 பாகையைக் கடந்தால் உடனடியாக நனைத்து, விசிறிக் குளிர்விக்க வேண்டும். மேல்தளத்தின் மீது நிழல் துணி கட்டுவதும், அடித்தளத்துக்குக் காற்று செல்ல வழி செய்வதும் இன்றியமையாதவை.

கழிப்பு: வீட்டில் பழகிய நாய்கள் மேல்தளத்தில் கழிக்கத் தயங்கி நெடுநேரம் அடக்கி வைத்திருக்கும். கரையிலேயே ஒரு சிறு தென்னைநார் விரிப்பில் பழக்கி, அதே விரிப்பைப் படகின் முன்பகுதியில் கட்டி வைப்பது வழக்கம்.

நச்சு: தூண்டிலில் சிக்கும் பேத்தை மீனை நாய் கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மீனின் நச்சு சமைத்தாலும் அழிவதில்லை.

நாய் கடலில் விழுதல்: படகின் ஓரக் கம்பிகளுக்கு இடையே வலை கட்டுவதும், முதுகில் கைப்பிடி உள்ள மிதவை உடையை அணிவிப்பதும் முதன்மையான காப்புகள். நாய் விழுந்தால் ஒருவர் கண்ணை எடுக்காமல் அதைச் சுட்டிக்காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மற்றவர்கள் பாயை இறக்கிப் படகைத் திருப்புவர். எவரும் அதன் பின்னே குதிக்கக் கூடாது. குதித்தால் தேட வேண்டிய உயிர்கள் இரண்டாகிவிடும்.

இராசபாளையம் நாய்

தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தில் இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்துக்குப் பெயர் தேடித் தந்த இராசபாளையம் நாய், பார்வையால் இரையைத் துரத்தும் வேட்டை நாய் வகையைச் சேர்ந்தது. வெண்ணிறக் குறுமயிரும் இளஞ்சிவப்பு மூக்கும் இதன் அடையாளங்கள். இந்திய அஞ்சல் துறை 2005 சனவரி 9 அன்று நாய் இனங்களுக்காக வெளியிட்ட நான்கு அஞ்சல் தலைகளில் இதுவும் ஒன்றாகும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வளர்ந்த இந்நாயைக் கடலுக்குக் கொண்டுசெல்வோர் கவனிக்க வேண்டியவை சில உள்ளன. குறுமயிர் வெப்பத்துக்கு ஏற்றதாயினும், நிறமி குறைந்த மூக்கும் காது மடலும் வெயிலில் எளிதில் புண்படும். கடல்நீரிலிருந்து தெறிக்கும் ஒளி இதை மிகைப்படுத்தும். முழு வெண்மையான நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை காணப்படுவது உண்டு. அத்தகைய நாய் அலையோசையில் மட்டுமன்றி அமைதியான நீரிலும் அழைப்பைக் கேளாது என்பதால் கைச்சைகைகளுக்குப் பழக்க வேண்டும். அலையின் வெண்ணுரைக்கு நடுவே வெள்ளை நாயைக் கண்டறிவது கடினம். ஆகவே மிதவை உடை செம்மஞ்சள் நிறத்தில் இருத்தல் நல்லது. அனைத்துக்கும் மேலாக, ஓடும் எதையும் துரத்தும் இயல்பு உள்ளதால், அனுமதி பெற்ற தீவிலும் இதைக் கயிற்றிலேயே வைத்திருக்க வேண்டும்.

குழுவின் பொறுப்புகள்

இரவுப் பயணத்தில் நண்பர்கள் பொதுவாக மூன்று அல்லது நான்கு மணி நேர முறை வைத்துச் சுக்கானையும் கடலையும் கவனிப்பர். நாய் யாருடையதாயினும் முறையில் இருப்பவரே அதற்கும் பொறுப்பாவார் என்பதை முன்னரே பேசி முடிவு செய்வது நல்லது. நாயை இறக்க முடியாத தீவில், எல்லோரும் ஒரே நேரத்தில் கரைக்குச் செல்ல இயலாது. ஒருவர் படகில் தங்க வேண்டும். அதற்கு இணங்காத குழு நாயை வீட்டில் விட்டுச் செல்வதே முறையாகும்.

நோய் உள்ள பகுதியில் நாயோ வேறு விலங்கோ கடித்தால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். தாமதமின்றி மருத்துவமனையை அடைந்து தடுப்பூசி பெற வேண்டும். தேவையெனில் எதிர்ப்புரதமும் பெற வேண்டும். தொலைதூரத் தீவுகளில் இம்மருந்துகள் கிடைக்காமல் போகலாம் என்பதால் பயணிகள் புறப்படுமுன்பே தடுப்பூசி போட்டுக்கொள்வது பரிந்துரைக்கப்படுகின்றது.

இவற்றையும் பார்க்க

இராசபாளையம் நாய்
வெறிநாய்க்கடி நோய்
மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா
அந்தமான் நிக்கோபார் தீவுகள்
வல்வெட்டித்துறை
தோணி