வளர்ப்பு ஆக்சலாட்டலின் உணவு

ஆக்சலாட்டல் என்பது மெக்சிகோ நாட்டைச் சேர்ந்த சாலமாண்டர் வகை நீர்நில வாழ்வி ஆகும். இதன் அறிவியல் பெயர் அம்பிஸ்டோமா மெக்சிகானம். பெரும்பாலான சாலமாண்டர்கள் வளர்ந்ததும் செவுள்களை இழந்து நிலத்துக்கு வருகின்றன. ஆக்சலாட்டலோ வாழ்நாள் முழுவதும் செவுள்களுடன் நீரிலேயே வாழ்கிறது. இயற்கையில் இது மெக்சிகோ நகரின் சோச்சிமில்கோ கால்வாய்களில் மட்டுமே எஞ்சியுள்ளது. மிக அருகிய இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. வளர்ப்பிடங்களில் பிறந்தவை பல நாடுகளில் செல்லப்பிராணிகளாக உள்ளன. நன்கு பேணினால் இவை 10 முதல் 15 ஆண்டுகள் வரை வாழும்.

உண்ணும் முறை

ஆக்சலாட்டல் ஓர் ஊனுண்ணி. இயற்கையில் புழுக்கள், பூச்சிகளின் குடம்பிகள், சிறு நத்தைகள், சிறு மீன்கள் ஆகியவற்றை உண்கிறது. இதன் கண்பார்வை கூர்மையானதன்று. மணத்தாலும் நீரின் அசைவாலும் இரையை அறிந்து, வாயைச் சட்டெனத் திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சுகிறது. இதன் சிறு பற்கள் இரையைப் பிடித்துக்கொள்ள மட்டுமே உதவும், மெல்ல உதவாது. எனவே வாய்க்குள் போவது எதுவும் முழுதாகவே வயிற்றுக்குள் போகிறது. உணவைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கருத வேண்டியது இதுவே. உணவு மென்மையாகவும், விலங்கின் தலையின் அகலத்தை விடச் சிறிதாகவும் இருக்க வேண்டும்.

முதன்மை உணவு

வளர்ந்த ஆக்சலாட்டலுக்கு மண்புழுவே சிறந்த முதன்மை உணவாகக் கருதப்படுகிறது. அதில் புரதம் மிகுதி, உடல் மென்மையானது. பூச்சிமருந்து தெளிக்கப்பட்ட நிலத்திலிருந்து எடுத்த புழுக்களைத் தவிர்க்க வேண்டும். புழுவைக் கழுவி, பெரியதாக இருந்தால் துண்டாக்கிக் கொடுக்கலாம். மண்புழு உரம் தயாரிக்கப் பயன்படும் ஐசீனியா ஃபெடிடா என்னும் சிவப்புப் புழு, தொந்தரவு செய்யப்படும்போது கசப்பான நீர்மத்தைச் சுரக்கிறது. அதனால் பல ஆக்சலாட்டல்கள் அதை வாயில் எடுத்தும் துப்பிவிடும். ஊனுண்ணி மீன்களுக்கெனத் தயாரிக்கப்படும், நீரில் மூழ்கக்கூடிய மென்மையான குருணைத் தீவனமும் ஏற்றது.

முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் முதல் ஓரிரு நாட்களுக்குத் தம் உடலில் எஞ்சியுள்ள கருவுணவைக் கொண்டே வாழும். பின்னர் அசையும் இரையை மட்டுமே நாடும் என்பதால், அப்போதுதான் பொரித்த ஆர்ட்டீமியா குஞ்சுகள், டாப்னியா போன்ற உயிருள்ள உணவு தேவை. பசியோடு நெருக்கமாக வைக்கப்பட்ட குஞ்சுகள் ஒன்றன் காலை மற்றொன்று கடித்துவிடும். இழந்த கால் மீண்டும் வளர்ந்தாலும், காயத்தில் தொற்று ஏற்படலாம். எனவே குஞ்சுகளுக்கு நாள்தோறும் உணவளிக்க வேண்டும். வளர்ந்தவற்றுக்கு வாரத்தில் இரண்டு அல்லது மூன்று முறை போதும்.

இடையிடையே தரும் சிற்றுணவு

உறைய வைத்த இரத்தப் புழு, ஓடு நீக்கிய உப்பிடாத இறால் துண்டு ஆகியவற்றை எப்போதாவது கொடுக்கலாம். இரத்தப் புழு என்பது ஒரு வகைக் கடிக்காத ஈயின் குடம்பி. இளம் ஆக்சலாட்டல்களுக்கு அது நல்ல உணவு. வளர்ந்தவற்றுக்கு அது மட்டும் போதாது. விரும்பி உண்கிறதே என்று சிற்றுணவையே தொடர்ந்து கொடுத்தால், மண்புழுவை ஏற்க மறுக்கும் பழக்கம் உண்டாகலாம்.

தவிர்க்க வேண்டியவை

மாட்டிறைச்சி, கோழி இறைச்சி, ஈரல் ஆகியவற்றின் கொழுப்பு ஆக்சலாட்டலுக்கு எளிதில் செரிக்காது. இறைச்சியில் சுண்ணாம்புச் சத்தும் மிகக் குறைவு. மாவுப்புழுவின் மேல்தோல் கடினமான கைட்டினால் ஆனது. கடையில் வாங்கிய உயிர்மீன்கள் ஒட்டுண்ணிகளையும் நோய்களையும் தொட்டிக்குள் கொண்டுவரக்கூடும். மேலும், தங்கமீனில் உயிர்ச்சத்து பி1-ஐச் சிதைக்கும் தயமினேஸ் என்ற நொதி உள்ளது.

உணவல்லாத பொருளும் ஆபத்தானது. தொட்டியின் அடியில் கூழாங்கற்கள் இருந்தால், இரையோடு கல்லையும் உறிஞ்சிவிடும். அது குடலை அடைத்து உயிரிழப்புக்குக் காரணமாகலாம். ஆகவே, தொட்டியின் அடிப்பகுதியை வெறுமையாக விடுவதோ மிக நுண்ணிய மணலைப் பரப்புவதோ நல்லது.

அளவும் அறிகுறிகளும்

உடல், தலையின் அகலத்துக்கு ஏறத்தாழச் சமமாக இருந்தால் உணவின் அளவு சரியானது எனக் கொள்ளலாம். உடல் தலையை விடக் குறுகினால் உணவு போதவில்லை; மிகவும் பருத்தால் உணவைக் குறைக்க வேண்டும். உண்ணாமல் விட்டதை அன்றே அகற்ற வேண்டும். இல்லையேல் அது அழுகி, நீரில் நச்சுத்தன்மையுள்ள அமோனியா பெருகும்.

ஆக்சலாட்டல் குளிர்ந்த நீரில் வாழ்வது. 16 முதல் 18 பாகை செல்சியசு வெப்பநிலை ஏற்றது. நீர் 24 பாகைக்கு மேல் சூடானால் பசி குறைந்து நோய்வாய்ப்படும். எனவே அது திடீரென உண்ண மறுத்தால், உணவை மாற்றிப் பார்ப்பதற்கு முன் நீரின் வெப்பநிலையையும் தூய்மையையும் சோதிக்க வேண்டும். அவை சரியாக இருந்தும் பசி திரும்பவில்லை என்றாலோ வயிறு வீங்கியிருந்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.