தாயகம் திரும்பியவர்களுக்குச் சொந்த வாசல் எப்போது?

நீலகிரியில் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி பக்கம் போகிறவர்கள் ‘சிலோன்காரங்க’ என்ற சொல்லைக் கேட்காமல் திரும்ப முடியாது. அப்படி அழைக்கப்படுகிறவர்களில் பலர் இலங்கையைக் கண்ணால் கண்டதில்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே ஓட்டுப் போடுகிறவர்கள். தாத்தா கப்பலேறி வந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. பேரன் இன்னும் ‘சிலோன்காரன்’தான். அவர்கள் ஊரோடு ஒட்டவில்லை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஊரில் எந்த இடத்தில் அவர்களைக் குடியமர்த்தினோம் என்று கேட்பதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணையடிமைத்தனத்துக்கும் தப்பி, முதலில் காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் போனவர்களின் வாரிசுகள் இவர்கள். பெரும்பாலோர் பள்ளர், பறையர், அருந்ததியர். இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது. இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆடு மாடுகளைப் பாகம் பிரிப்பதுபோல நடந்த இந்தக் கணக்கில், சம்பந்தப்பட்ட மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களுக்கு அரசு வைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், மூதாதையர் எந்தச் சேரியை விட்டு ஓடினார்களோ அந்தச் சேரிதான் அவர்களுக்குத் தாயகமாகக் காட்டப்பட்டது. அங்கே அவர்களுக்கு நிலம் இல்லை, வேலை இல்லை. மூன்று தலைமுறைக்கு முன் பிரிந்துபோன உறவும் விட்டுப்போயிருந்தது. மாறாமல் இருந்தது சாதி மட்டும்தான். ஊருக்குப் போன பலர், தெரிந்த தேயிலை வேலையைத் தேடி மறுபடி மலையேறினார்கள்.

அரசு மறுவாழ்வுக்கு ஏற்பாடு செய்யாமல் இல்லை. 1968இல் வனத்துறைத் திட்டமாகத் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டம், 1976இல் ‘டான்டீ’ நிறுவனமானது. சேரம்பாடி, சேரங்கோடு, கொளப்பள்ளி, நெல்லியாளம் என்று காட்டோரங்களில் தோட்டங்கள் எழுந்தன. கேரளத்தில் புனலூர் பக்கமும், கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர் பக்கமும் ரப்பர் தோட்டங்களுக்குக் குடும்பங்கள் அனுப்பப்பட்டன. காட்டை வெட்டித் திருத்திய உழைப்பு அவர்களுடையது.

வேலையோடு வீடும் கொடுத்தார்கள். ஆனால் அது லயன் வீடு. வேலை இருக்கும்வரை கூரை இருக்கும். ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். அதனால் பிள்ளைகளில் ஒருவராவது தோட்ட வேலையில் சேர்ந்தால்தான் குடும்பத்துக்கு வீடு மிஞ்சும். படிக்கிற பிள்ளையை நிறுத்திக் கொழுந்து பறிக்க அனுப்புவதைப் பெற்றோரின் அறியாமை என்கிறோம். அது வீட்டுக்குக் கொடுக்கும் வாடகை என்பதை நாம் புரிந்துகொள்வதில்லை. 2022இல் டான்டீயின் 2,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தை வனத்துறைக்கே திருப்பித்தர அரசு முடிவெடுத்தபோது, தொழிலாளர் குடும்பங்கள் ஏன் பதறின என்பதும் இதிலிருந்து விளங்கும்.

தோட்டத்துக்கு வெளியே சிறிதாக வீடு கட்டிக்கொண்டவர்களுக்கும் நிம்மதி இல்லை. கூடலூர்ப் பகுதியில் 1969ஆம் ஆண்டு ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவில் சிக்கிய நிலங்களின் தகராறு பல பத்தாண்டுகளாக நீடிக்கிறது. அந்த நிலத்தில் இருப்பவருக்குப் பட்டா கிடைக்காது. பட்டா இல்லையென்றால் வங்கிக் கடனும் எட்டாது, மின் இணைப்புக்கும் அலைய வேண்டும்.

குடியமர்ந்த இடம் சாதிச் சான்றிதழையும் தீர்மானிக்கிறது. பட்டியல் சாதிகளின் பட்டியல் மாநிலவாரியானது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர், போன இடத்தில் அந்த உரிமையைக் கோர முடியாது என்று 1990இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே கப்பலில் வந்த உறவினர்களில் ஒருவர் சேரம்பாடிக்கும் மற்றவர் சுள்ளியாவுக்கும் அனுப்பப்பட்டிருந்தால், கர்நாடகத்தில் வளர்ந்த பிள்ளை சான்றிதழுக்காகக் கூடுதலாகப் போராட வேண்டியிருந்தது. தீண்டாமையை எல்லை தாண்டிச் சுமந்து போனவர்களால் சலுகையைச் சுமந்து போக முடியவில்லை.

அண்ணல் அம்பேத்கரின் வழிவந்தவர்கள் 1942இல் நாகபுரி மாநாட்டில் தனிக் குடியிருப்புகள் வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அப்படியென்றால் தனியாகக் குடியிருப்பதில் என்ன தவறு என்று மாணவர்கள் கேட்கலாம். அந்தத் தீர்மானம் கேட்டது நிலத்தோடு கூடிய குடியிருப்பு. சாதி இந்துக்களை அண்டிப் பிழைக்கத் தேவையில்லாத ஊர். மலையில் நம் மக்களுக்குக் கிடைத்ததோ நிலமில்லாத தனிமை. சொந்த நிலத்தில் தனியாக இருப்பவர், விரும்பும்போது ஊரோடு சமமாகக் கலக்கலாம். அடுத்தவர் நிலத்தில் ஒதுங்கியிருப்பவர் எந்நேரமும் வெளியேற்றத்துக்குப் பயந்தபடிதான் இருப்பார்.

நீலகிரி மக்களவைத் தொகுதியும் கூடலூர் சட்டமன்றத் தொகுதியும் இன்று தனித்தொகுதிகள். ஓட்டுக் கேட்டு லயன் வாசலுக்கு வருகிறவர்களிடம் நாம் வைக்க வேண்டிய கோரிக்கை நீளமானதல்ல. ஓய்வு பெற்ற ஒவ்வொரு தொழிலாளிக்கும் வீட்டுமனைப் பட்டா, முடிந்தவரை வீட்டுப் பெண்ணின் பெயரிலேயே. அதுவும் ஊருக்கு ஒதுக்குப்புறமாக அல்ல. பள்ளியும் பேருந்தும் மருத்துவமனையும் இருக்கிற இடத்தில்.

அந்தப் பட்டா கைக்கு வரட்டும். அதன்பிறகும் அவர்கள் ஊரோடு ஒட்டவில்லை என்றால், அப்போது அவர்களைக் கேள்வி கேட்கலாம்.