தக்காளிக்குக் காவல் துலுக்கச் சாமந்தி

தக்காளிப் பயிரின் பெரும்பகைகளுள் ஒன்று காய்ப்புழு. தாய் அந்துப்பூச்சி இளந்தளிர்களில் முட்டையிடும். அதிலிருந்து வெளிவரும் புழு முதலில் இலையைத் தின்னும்; வளர்ந்தபின் காயைத் துளைத்து, தலையை உள்ளே நுழைத்து உண்ணும். ஒரு புழுவே பல காய்களைக் கெடுத்துவிடும். துளைபட்ட காய் சந்தையில் விலைபோகாது.

இதற்கு அஞ்சி உழவர் பலர் அடிக்கடி பூச்சிமருந்து தெளிக்கின்றனர். அந்நஞ்சைத் தாங்கிப் பிழைத்த புழுக்களே பின்னர் பெருகுகின்றன. நாளடைவில் மருந்து பயனற்றுப் போகிறது. புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதனை அழிக்கும் நுண்குளவியும் அம்மருந்தால் மடிகிறது.

பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இதற்கு எளிய வழியொன்றைக் கூறுகிறது. 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை துலுக்கச் சாமந்தி நடவேண்டும். நடும்போது சாமந்தி நாற்றுக்கு 40 நாளும், தக்காளி நாற்றுக்கு 25 நாளும் வயது இருத்தல் வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒரே காலத்தில் பூக்கும். அந்துப்பூச்சி சாமந்தியின் மொட்டையும் பூவையும் நாடிச் சென்று அங்கே முட்டையிடும். இவ்வாறு பூச்சியைத் தன்பால் இழுக்கும் பயிர் ‘கவர்ச்சிப் பயிர்’ எனப்படும்.

சாமந்தியை நட்டுவிட்டு வாளாவிருத்தல் கூடாது. அதில் சேரும் புழுக்களை அவ்வப்போது பொறுக்கி அழித்தல் வேண்டும். தவறினால், காவலாக நின்ற வரிசையே பகைக்குப் புகலிடமாகிவிடும்.