மஞ்சள் யாருக்குச் சொந்தம்?

காயம் பட்டால் மஞ்சளை அரைத்துப் போடுவார் நம் பாட்டி. அதற்கு அவர் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை.

ஆனால், 1995-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு அதிசயம் நடந்தது!

"மஞ்சள் புண்ணை ஆற்றும். இது எங்கள் கண்டுபிடிப்பு" என்று மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் காப்புரிமை பெற்றுவிட்டது.

காப்புரிமை என்றால் என்ன? புதியதைக் கண்டுபிடித்தவருக்கு அரசு தரும் உரிமை. நம் நாட்டில் 20 ஆண்டு. அதுவரை அவர் அனுமதி இல்லாமல் வேறு யாரும் அதைச் செய்து விற்க முடியாது.

பாட்டி வைத்தியம் புதியதா?

ஏடுகள் சொன்ன சாட்சி

சி.எஸ்.ஐ.ஆர். என்ற நம் அரசு ஆராய்ச்சிக் கழகம் எதிர்த்து மனுச் செய்தது. அப்போது அதன் தலைவர் டாக்டர் மஷேல்கர்.

"எங்கள் ஊர்ப் பழக்கம்" என்று சொன்னால் போதாது. வெளிநாட்டுப் பழக்கத்தை அன்றைய அமெரிக்கச் சட்டம் சாட்சியாக ஏற்காது. அச்சில் இருக்க வேண்டும்!

32 சான்றுகளைத் தேடி எடுத்தார்கள். சில 100 ஆண்டுக்கு மேல் பழையவை. 1953-ல் வந்த மருத்துவ இதழ் ஒன்றும் இருந்தது.

1997 ஆகஸ்டில் காப்புரிமை ரத்து ஆனது. மஞ்சள் ஜெயித்தது!

பிறகு, 2001-ல் பழைய மருத்துவ அறிவை எல்லாம் கம்ப்யூட்டரில் தொகுக்கத் தொடங்கினார்கள். சித்த மருத்துவமும் அதில் உண்டு.

தாம்பரமும் கிண்டியும்

சித்த மருத்துவத்துக்கு இந்திய அரசின் தேசிய நிறுவனம் தாம்பரம் சானடோரியத்தில் இருக்கிறது. 2005 செப்டம்பர் 3-ந் தேதி பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தார்.

அதே ஜி.எஸ்.டி. சாலையில் வடக்கே போனால் கிண்டி. காப்புரிமை அலுவலகம் அங்கே இருக்கிறது. புவிசார் குறியீட்டுப் பதிவகமும் அங்கேதான். இந்தியா முழுவதற்கும் அது ஒன்றே! காஞ்சிப் பட்டும் டார்ஜிலிங் தேயிலையும் அந்தப் பதிவேட்டில் ஏறியவை.

ஆப்பிரிக்காவிலும் அதே கதை

தென் ஆப்பிரிக்காவில் "ரூய்பாஸ்" என்ற செடி விளைகிறது. அதன் இலையில் சிவப்புத் தேநீர் போடுவார்கள். அந்தப் பெயரையே ஒரு அமெரிக்கக் கம்பெனி 1994-ல் தன் பெயரில் பதிந்துகொண்டது! வழக்கு நடந்து, 2005-ல்தான் பெயர் மீண்டது.

அந்தச் செடியின் குணத்தை முதலில் அறிந்தவர்கள் சான், கோய் என்னும் பழங்குடி மக்கள். விளைச்சல் விலையில் நூற்றுக்கு ஒன்றரை பங்கு அவர்களுக்குத் தர 2019-ல் ஒப்பந்தம் ஆனது.

படிக்க உதவித்தொகை

இப்படி வாதாட, சட்டமும் தெரிய வேண்டும். மூலிகையும் தெரிய வேண்டும். அதற்கு ஆள் வேண்டாமா?

"ஓப்பன் ஏர்" என்ற ஆராய்ச்சிக் கூட்டமைப்பு, ஆப்பிரிக்க இளைஞர்களுக்கு இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்ய உதவித்தொகை கொடுத்திருக்கிறது. கேப் டவுன் பல்கலைக்கழகமும் கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகமும் அதில் உண்டு. இந்திய அரசும் சர் சி.வி. ராமன் பெயரில் உதவித்தொகை கொடுத்து, ஆப்பிரிக்க விஞ்ஞானிகளை இங்கே வரவழைத்தது.

நீங்கள் செய்ய வேண்டியது

பல்லாவரத்திலோ, பெருங்களத்தூரிலோ பட்டறை வைத்திருக்கிறீர்களா? புதுக் கருவி ஒன்று செய்தீர்களா? ஊருக்குக் காட்டுமுன் கிண்டியில் மனுச் செய்யுங்கள். முதலில் தற்காலிக மனு போதும். முழு விவரம் கொடுக்க 12 மாதம் அவகாசம் உண்டு. ஊருக்குக் காட்டிவிட்டால் அது "புதியது" அல்ல!

பாட்டிக்குத் தெரிந்த மருந்தை அவர் சொல்லச் சொல்ல எழுதி வையுங்கள்.

மஞ்சளை மீட்டது எழுத்துதான்!